மைக்ரோவேவ் உள்ளே தீப்பொறி: முதலில் மைக்கா அட்டையைப் பாருங்கள்

வணக்கம் நண்பரே. சாதம் சூடாக்கும்போது வலப்பக்கச் சுவரில் பொறி பறந்து கருகல் வாடை வருகிறது என்றீர்கள். கிரில் கம்பி ஸ்டாண்டோ ஜரிகைக் கரை போட்ட தட்டோ உள்ளே இல்லையென்றால், பெரும்பாலும் மைக்கா அட்டைதான் காரணம்; அந்தச் சுவரில் மைக்ரோவேவ் அலைகள் உள்ளே வரும் வழியை மூடியிருக்கும் மெல்லிய அட்டை அது. அதில் தெறித்த எண்ணெய் கருகிக் கரியாகும். கரி மின்சாரத்தைக் கடத்துவதால் அங்கேயே பொறி கிளம்பும்.

பிளக்கைப் பிடுங்கிவிட்டு அட்டையைக் கழற்றுங்கள். ஒரு ஸ்க்ரூ அல்லது கிளிப்தான் இருக்கும். லேசான பிசுக்கு என்றால் ஈரத்துணியால் துடைத்து, நன்றாகக் காயவைத்து மாட்டலாம். கருகியோ ஓட்டை விழுந்தோ இருந்தால் மாற்றியே ஆக வேண்டும். உதிரிபாகக் கடையில் மைக்கா ஷீட் வாங்கி, பழையதை மேலே வைத்து வரைந்து கத்தரிக்கோலால் வெட்டுங்கள். சுவரில் படிந்த கரியையும் துடைத்தெடுங்கள். அட்டை இல்லாமல் ஓட்டாதீர்கள்.

பிறகு ஒரு கப் தண்ணீர் வைத்து 1 நிமிடம் ஓட்டிப் பாருங்கள். காலியாக ஓட்டக்கூடாது.

அப்போதும் பொறி வந்தால், அலைகளை உண்டாக்கும் பாகமான மேக்னட்ரானின் முனை கருகியிருக்கலாம். தயவுசெய்து வெளிமூடியை நீங்களே திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளிருக்கும் கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் அளவு மின்சாரம் தேங்கியிருக்கும். அது மெக்கானிக் வேலை.