தலை மட்டும் உள்ள அம்மன் படம் வீட்டுக்கு ஆகாதா?

கேள்வி: காட்பாடியில் வீடு கட்டிக் குடிவந்திருக்கிறோம். கணவர் வழிக் குலதெய்வம் படவேடு ரேணுகாம்பாள். என் பிறந்த வீட்டில் சோளிங்கர் நரசிம்மரைக் கும்பிடுவோம். ஊர் ஏரிக்கரை முனீஸ்வரனுக்கும் பூஜை அறையில் ஒரு சூலம் வைக்கச் சொல்கிறார் மாமனார். ஆனால் தலை மட்டும் இருக்கும் அம்மன் படமும் உக்கிரமான சாமி படமும் வீட்டுக்கு ஆகாது என்று அக்கம்பக்கத்தில் பயமுறுத்துகிறார்கள். யாரை வைப்பது, யாரை விடுவது?

பதில்: ரேணுகாம்பாளை வையுங்கள், அதுவும் நடுவில். நரசிம்மரையும் வைக்கலாம், ஆனால் எந்தப் படம் என்று பார்க்க வேண்டும். முனீஸ்வரனுக்கு மட்டும் வீட்டுக்குள் இடம் வேண்டாம்.

உங்கள் பயமெல்லாம் ரேணுகாம்பாளின் சிரசை, அதாவது தலை மட்டும் உள்ள அந்த உருவத்தைப் பற்றித்தான் என்று தெரிகிறது. ஜமதக்னி முனிவரின் மனைவி ரேணுகா. ஆற்று மணலிலேயே தினமும் குடம் பிடித்துத் தண்ணீர் கொண்டுவரும் அளவுக்குக் கற்பின் வலிமை உள்ளவள். ஒருநாள் தண்ணீரில் கந்தர்வனின் நிழல் தெரிய, மனம் ஒரு கணம் அசைந்தது, குடம் உடைந்தது. அப்பன் சொல்லைத் தட்டாத பரசுராமன் தாயின் தலையை வெட்டினான். பிறகு அவள் உயிரையே வரமாகக் கேட்டு வாங்கினான். அந்த அவசரத்தில் தாயின் தலை, கூடவே வெட்டுப்பட்ட ஒரு தாழ்த்தப்பட்ட பெண்ணின் உடலில் பொருந்திவிட்டது. குடியாத்தம் கெங்கையம்மன் கோயிலில் ஒவ்வோர் ஆண்டும் வைகாசி முதல் நாள் நடக்கும் சிரசுத் திருவிழா இந்தக் கதைதான். ஊர்வலமாக வரும் சிரசை உடலில் பொருத்தும் அந்த நேரத்தில் அம்மன் உயிர்பெற்று எழுவதாக மக்கள் கும்பிடுகிறார்கள்.

அதாவது வடாற்காடு மக்களுக்குச் சிரசு என்பது வெட்டுண்ட தலை இல்லை. வெட்டிய பிறகும் சாகாத தாய். செய்யாத குற்றத்துக்குத் தண்டனை வாங்கியவள் என்பதால், வீட்டில் சொல்ல முடியாத மனக்குறையைப் பெண்கள் அவளிடம்தான் கொட்டுகிறார்கள். அம்மை கண்டாலும் அவளிடம்தான் வேண்டுதல். இவளைப் போய் ஆகாதவள் என்று எப்படிச் சொல்வது? உங்களைப் பயமுறுத்துகிறவர்கள் வரலட்சுமி நோன்புக்கு என்ன செய்கிறார்கள் என்று கேட்டுப்பாருங்கள். கலசத்துத் தேங்காயில் அம்மன் முகத்தை மட்டும்தானே கட்டுகிறார்கள்!

படம் வைக்க இன்னும் தயக்கம் இருந்தால் வேண்டாம். படவேட்டிலிருந்து குங்குமமும் ஒரு பிடி மண்ணும் கொண்டுவந்து, மஞ்சள் துணியில் ஒரு ரூபாய்க் காணிக்கையோடு முடிந்து வைத்தாலே போதும். அச்சடித்த படங்கள் வருவதற்கு முன்பு குலதெய்வம் வீட்டில் இருந்தது பெரும்பாலும் இப்படித்தான்.

நரசிம்மர் விஷயத்தில் அக்கம்பக்கத்தார் சொல்வதில் பாதி நியாயம் உண்டு. இரணியனின் வயிற்றைக் கிழிக்கும் கோலத்தைப் பலரும் வீட்டில் வைப்பதில்லை. அந்தக் கோபத்தைத் தணிக்கத் தினசரி நிவேதனமும் நியமமும் தவறக்கூடாது என்பார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு அது கஷ்டம். ஆனால் சோளிங்கரில் இருப்பவர் யோக நரசிம்மர். சம்ஹாரம் எல்லாம் முடிந்து, சப்த ரிஷிகளுக்காக மலைமேல் யோகத்தில் அமர்ந்தவர். எதிரே சின்னமலையில் சங்கு சக்கரத்தோடு அனுமாரும் யோகத்தில்தான் இருக்கிறார். இந்தக் கோலமோ, தாயாரை மடியில் அமர்த்திய லட்சுமி நரசிம்மரோ தாராளமாக வைக்கலாம். பிரதோஷத்தன்று வெல்லம், சுக்கு, ஏலக்காய் போட்ட பானகம் படைத்தால் சரி.

அம்மனும் பெருமாளும் ஒரே அலமாரியில் இருக்கலாமா என்று கேட்கவே வேண்டாம். நம் பக்கத்து வீடுகளில் எப்போதும் இருந்ததுதான்.

முனீஸ்வரன் கதை வேறு. அவர் காவல் தெய்வம். ராத்திரியில் ஊர் எல்லையைச் சுற்றி வருகிறவர் என்பது நம்பிக்கை. நம் பக்கத்துப் பச்சையம்மன் கோயில்களைக் கவனித்திருப்பீர்கள். அம்மன் கருவறைக்குள் இருப்பாள், முனிகள் திறந்தவெளியில் ஆளுயரத்துக்கும் மேலே உட்கார்ந்திருப்பார்கள். காவல்காரரைக் கூடத்துக்குள் உட்காரவைத்தால் வாசலில் யார் நிற்பது? தவிர, அவருக்குக் கிடாயும் கோழியும் சுருட்டும் படைப்பது வழக்கம். சைவமாக வைத்திருக்கும் பூஜை அறையில் அது ஒத்துவராது. மாமனாரிடம் மறுத்துப் பேசிவிடாதீர்கள். சூலத்தை ஏரிக்கரையிலேயே சாத்திவிட்டு, வருஷத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு போய்ப் பொங்கல் வைக்கிறோம் என்று சொல்லுங்கள். அவருக்கும் அதுதான் நிம்மதியாக இருக்கும்.

அலமாரியில் முதலில் பிள்ளையார், நடுவில் ரேணுகாம்பாள், பக்கத்தில் நரசிம்மர். கிழக்கோ மேற்கோ பார்த்து இருக்கட்டும். இறந்த பெரியவர்களின் படத்தை வேறு சுவரில் மாட்டுங்கள். பரிசாக வந்த சாமி படங்களை எல்லாம் அடுக்க வேண்டாம்; தினமும் விளக்கேற்றித் துடைக்க முடிகிற அளவு போதும்.

படவேட்டுக்கு ஆடி வெள்ளி தவிர்த்து வேறு நாளில் போனால், கூட்டத்தில் இடிபடாமல் மண் எடுத்து வரலாம். சோளிங்கருக்குக் கார்த்திகையில் போங்கள். மற்ற மாதங்களில் கண்மூடி இருக்கும் நரசிம்மர் அப்போதுதான் கண் திறப்பதாக ஐதீகம், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் நெரிசல் அதிகம். மாமனார் ஆயிரத்துச் சொச்சம் படிகளுக்குத் தயங்கினால், பெரிய மலைக்கு இப்போது ரோப் கார் இருக்கிறது.