மரப்பெட்டி மூடியில் வெனீர் துண்டுகளை இடைவெளி தெரியாமல் பதிப்பது எப்படி?

கையால் செய்த பெட்டியின் மூடியில் இலை, பூ போன்ற உருவங்களை வெனீரில் (மரத்தைத் தாள்போல் மெல்லிதாகச் சீவிய தகட்டில்) பதித்தால் சுற்றிலும் மயிரிழை இடைவெளி விழுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இது பெரும்பாலும் கைத்திறனால் வரும் குறை அன்று. துளையைத் தனியாகவும் துண்டைத் தனியாகவும் அளந்து வெட்டினால் எவருக்கும் அப்படித்தான் விழும். ஒன்றை அச்சாக வைத்துக்கொண்டுதான் மற்றொன்றை வெட்ட வேண்டும்.

நான் விரும்பிச் செய்வது சாளர முறை. பின்னணியாக அமையும் வெனீரில் இலையின் வடிவத்தைக் கூரிய கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, அந்தத் துளையின் அடியில் வேறு நிற வெனீரை நகர்த்தியும் திருப்பியும் பார்த்து, மரத்தின் ரேகை இலை நரம்பைப் போல ஓடும் இடம் வந்ததும் ஒட்டுநாடாவால் அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். (இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான்.) பிறகு துளையின் விளிம்பை ஒட்டியே கத்திமுனையை ஓட்டி, ஒரே அழுத்தில் அறுக்காமல் லேசாகப் பலமுறை கீறினால், துளைக்கு ஏற்ற துண்டு கிடைத்துவிடும். கூர்முனைகளை வெளியிலிருந்து உள்நோக்கி வெட்டுங்கள். உள்ளிருந்து வெளியே இழுத்தால் முனை உடைந்துவிடும். கத்தியின் அலகு ஆப்பு வடிவமானது என்பதால், அது நுழையும் பக்கத்தில் வெட்டு சற்று அகன்றும் மறுபக்கத்தில் நெருக்கமாகவும் இருக்கும். ஆகவே படத்தை இடவலம் மாற்றி வரைந்து பின்பக்கத்திலிருந்து வெட்டினால், கண்ணுக்குத் தெரியும் பக்கம் இறுக்கமாக மூடிக்கொள்ளும்.

இலையின் ஒரு விளிம்பு நிழல் படிந்ததுபோல் கருமையாக வேண்டுமென்றால், வாணலியில் சூடாக்கிய நுண்மணலில் அந்த விளிம்பைச் சில விநாடிகள் செருகி எடுக்கலாம். சூட்டில் ஈரம் வெளியேறித் துண்டு சுருங்கும் என்பதால், ஈரத்துணியால் ஒற்றிச் சமநிலைக்கு வந்த பிறகே பொருத்திப் பார்க்க வேண்டும்.

ஒட்டும்போது பசையை மூடியின் பலகையில் மட்டும் தடவுங்கள். வெனீரில் தடவினால் அது ஈரம் உறிஞ்சிச் சுருண்டுகொள்ளும். மேலே மெழுகுத்தாளையும் அதன்மேல் தட்டையான கனத்த பலகையையும் வைத்து, நடுவிலிருந்து விளிம்பை நோக்கி கிளாம்புகளை இறுக்கினால் மிகுதிப் பசை வெளியேறிவிடும். மூடியின் உட்புறத்திலும் ஒரு வெனீர் ஒட்டுவது அவசியம். ஒரு பக்கம் மட்டும் ஒட்டிய பலகை, பசை காயக் காய அந்தப் பக்கமாக வளையும். பலகைக்கு பிளைவுட்டோ எம்டிஎஃபோ (மரநாரை அழுத்திச் செய்த பலகை) நம்பகமானது. திடமரந்தான் வேண்டுமென்றால், பின்னணி வெனீரின் ரேகை பலகையின் ரேகைக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்காக ஒட்டினால் பருவம் மாறும்போது வெடிப்பு விழக்கூடும்.

கடையில் கிடைக்கும் வெனீர் பெரும்பாலும் 0.6 மில்லிமீட்டர் அளவுக்கே தடிமன் உள்ளது. முரட்டு உப்புத்தாளை எடுத்து ஆசைதீரத் தேய்த்தால் அடியில் உள்ள பலகை எட்டிப்பார்க்கும், விளிம்புகளில் அது இன்னும் விரைவாக நேரும். சீராக்க, மேற்பரப்பைச் சீவும் மெல்லிய எஃகுத் தகடான ஸ்கிரேப்பர்தான் சரியான கருவி. கருங்காலியை வெளிர்நிற மரத்தின் அருகில் பதித்திருந்தால், உப்புத்தாளால் எழும் கருந்தூள் வெளிர்மரத்தின் நுண்துளைகளில் ஏறி அழுக்காகத் தெரியும். ஸ்கிரேப்பர் மெல்லிய சுருளாகச் சீவுவதால் அந்தத் தொல்லை குறைவு. தேய்க்காமல் முடியாது என்றால் முதலில் ஆல்கஹாலில் கரைத்த மெல்லிய அரக்கு மெருகு ஒரு பூச்சு கொடுத்துத் துளைகளை அடைத்துவிட்டு, நுண்ணிய தாளால் ரேகையின் போக்கிலேயே தேய்க்கலாம். ஈட்டி மரத்துக்கு மட்டும் இதில் எச்சரிக்கை தேவை. அதன் நிறம் ஆல்கஹாலில் கரைந்து அருகில் உள்ள வெளிர்மரத்தில் பரவக்கூடும் என்பதால், அந்த மெருகைத் துணியிலோ தூரிகையிலோ இழுக்காமல் மெல்லிய தூவலாகத் தெளித்துக் காயவிடுவதே நல்லது.