முதலில் ஓ.பி. சீட்டு, பிறகு பாடப்புத்தகம்

கேள்வி: மேடம், எனக்கு வயது 20. திருமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா கட்டட மேஸ்திரி. இன்ஜினியரிங் படிக்கிறேன். போன வருடம் நான்காவது செமஸ்டரில் அட்டென்டன்ஸ் 58 சதவீதம்தான் வந்தது. பரீட்சை எழுத விடாமல் டிடெய்ன் பண்ணிவிட்டார்கள். மே மாதத்திலிருந்து டிசம்பர் வரை வீட்டிலேயே கிடந்தேன். ஜனவரியிலிருந்து ஜூனியர் பசங்களோடு அதே செமஸ்டரை மறுபடி படிக்கிறேன். என் செட் பசங்க இப்போது ஆறாவது செமஸ்டர். அவர்கள் கண்ணில் படக்கூடாது என்று கல்லூரிப் பஸ்ஸை விட்டுவிட்டு 6.40 டவுன் பஸ்ஸில் போகிறேன். வகுப்பில் எல்லாரும் ‘அண்ணா’ என்கிறார்கள், பக்கத்தில் யாரும் உட்கார்வதில்லை. ராத்திரி மூன்று மணிவரை தூக்கம் இல்லை. படித்தால் ஒரு வரிகூட நிற்பதில்லை. இந்த மாதமும் ஆறு நாள் போகவில்லை. டிடெய்ன் ஆவதற்கு முந்தின தீபாவளியிலிருந்தே ஊரில் கபடி விளையாடுவதையும் விட்டுவிட்டேன். சொந்தக்காரர்களிடம் நான் மூன்றாம் வருடம் படிப்பதாக அம்மா சொல்லிவைத்திருக்கிறார். சித்திரைத் திருவிழாவுக்கு அத்தை வீட்டுக்குப் போக வேண்டும், நினைத்தாலே படபடக்கிறது. அப்பா என்னோடு பேசி எட்டு மாதம் ஆகிறது. நான் இல்லாவிட்டால் வீட்டுக்குச் செலவாவது மிச்சம் என்று தோன்றுகிறது. நான் சோம்பேறியா மேடம்?

- பெயர் வேண்டாம், திருமங்கலம் அருகே

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட முடிந்தது. முழுவதையும் இரண்டு முறை படித்தேன். இதழ் உங்கள் கைக்கு வர நாளாகும் என்பதால், உறையில் இருந்த முகவரிக்கு அன்றைக்கே தனியாக ஒரு பதில் போட்டுவிட்டேன். அதில் முதலில் எழுதியதையே இங்கேயும் முதலில் எழுதுகிறேன். உங்களைப் போலவே தவித்துக்கொண்டிருக்கும் வேறு பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும்.

‘நான் இல்லாவிட்டால் செலவு மிச்சம்’ என்ற நினைப்பு வருகிற ராத்திரியில் தனியாக இருக்காதீர்கள். அம்மாவை எழுப்புங்கள். “எனக்குத் தப்புத் தப்பா நினைப்பு வருதும்மா, பக்கத்துல இரு” என்று சொன்னால் போதும், விளக்கம் எதுவும் வேண்டாம். 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரத்திலும் கூப்பிடலாம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய ‘டெலி மானஸ்’ மனநல உதவி எண் அது. காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டின் 104 எண்ணிலும் பேசலாம். நினைப்பு வலுத்து, ஏதாவது செய்துவிடுவோமோ என்ற பயம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள், அல்லது 108-ஐக் கூப்பிடுங்கள். செலவு, மிச்சம் என்கிற கணக்கு உங்கள் தலைக்குள் நோய் போடுகிற கணக்கு. உங்கள் அம்மாவைக் கேட்டால் அதில் ஒரு வரியைக்கூட ஒப்புக்கொள்ள மாட்டார்.

சரி, சோம்பேறியா என்று கேட்டீர்கள். உங்கள் கடிதத்திலேயே அதற்குப் பதில் இருக்கிறது. அட்டென்டன்ஸ் குறைந்தது பிற்பாடு. அதற்கு முன்னால், தீபாவளியிலேயே கபடியை விட்டிருக்கிறீர்கள். சோம்பேறி படிப்பை விடுவான், கபடியை விடமாட்டான். எட்டாம் வகுப்பிலிருந்து உயிராக விளையாடிய ஒன்று திடீரென்று ருசிக்காமல் போவது மனச்சோர்வின் மிகத் தெளிவான அடையாளங்களில் ஒன்று. பிடித்தது பிடிக்காமல் போவது, தூக்கம் கெடுவது, சோறு இறங்காமல் இருப்பது, மனம் ஒரு இடத்தில் நிற்காதது, தன்னை ஒன்றுக்கும் ஆகாதவன் என்று நினைப்பது, இவற்றில் பலவும் சேர்ந்து இரண்டு வாரத்துக்கு மேல் விடாமல் இருந்தாலே மருத்துவரிடம் காட்ட வேண்டும். உங்களுக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. படிப்பு நின்றதால் மனம் உடைந்தது என்று நீங்கள் நினைக்கிறீர்கள். எனக்கு அது தலைகீழாகத் தெரிகிறது. முதலில் வந்தது நோய். அது உங்களை வகுப்புக்குப் போகவிடாமல் படுக்கையில் போட்டது. பிறகுதான் டிடெய்ன்.

இந்த வரிசையை நீங்கள் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். ஏனென்றால் இதை மாற்றிப் போட்டுப் பார்ப்பவர்கள், ‘இந்த செமஸ்டர் பாஸாகிவிட்டால் எல்லாம் சரியாகும்’ என்று மூன்று மணிவரை புத்தகத்தோடு உட்கார்ந்து மறுபடியும் விழுகிறார்கள்.

ஆகவே முதல் வேலை பெரியாஸ்பத்திரி. மதுரை கோரிப்பாளையம் பக்கத்தில் இருக்கிற நம் அரசு இராசாசி மருத்துவமனைதான். அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிக்கொண்டு உட்காருங்கள். கூட்டம் இருக்கும், ஒரு அரை நாள் போகும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனால் நல்லது. மருத்துவர் உங்களிடம் பேசுவார். ரத்தப் பரிசோதனையும் எழுதிக் கொடுக்கலாம். தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே அலுப்பும் மந்தமும் வரும் என்பதால்தான் அது. மருந்து வேண்டுமா, பேச்சு சிகிச்சை போதுமா, இரண்டும் வேண்டுமா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள்.

மாத்திரை எழுதினால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரைபோல் அரை மணியில் வேலை செய்யாது. பலன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக ஆகும். ஆனால் குமட்டல், வயிற்றுக் கோளாறு போன்ற தொல்லைகள் முதல் வாரத்திலேயே வந்துவிடலாம். பலர் அங்கேதான் ‘இது எனக்கு ஒத்துக்கல’ என்று நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாமல் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். உங்கள் வயதில் இந்த மருந்து தொடங்கிய முதல் சில வாரங்களில் பரபரப்போ, அந்தக் கெட்ட நினைப்போ கூடுகிறதா என்று கவனிப்பார்கள். அதனால் மறுபடி வரச் சொன்ன தேதியைத் தவறவிடக் கூடாது. கூடுவதாகத் தெரிந்தால் தேதிக்குக் காத்திருக்காமல் உடனே போக வேண்டும். இவை போதை மாத்திரை அல்ல. குணம் தெரிந்தபிறகும் நிறுத்துவதை மருத்துவர்தான் படிப்படியாகச் செய்வார்.

உங்கள் பாட்டி கோயிலுக்குக் கூட்டிப்போய்க் கயிறு கட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கயிறு கையில் இருக்கட்டும். உங்கள்மேல் பாட்டிக்கு உள்ள பிரியம் அது. அதே கையில் ஓ.பி. சீட்டும் இருக்கட்டும்.

அந்தச் சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், அதனால் கல்லூரியிலும் உபயோகம் உண்டு. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகளில் 75 சதவீதம் வருகை வேண்டும், மருத்துவக் காரணத்தைச் சான்றோடு காட்டினால் 65 வரை சலுகை உண்டு என்பது விதி. இந்த மாதம் ஆறு நாள் போய்விட்டது. பதறாமல் கணக்குப் பார்த்து, கிளாஸ் அட்வைசரிடம் சீட்டின் நகலோடு போய், “எனக்கு சிகிச்சை நடக்குது சார்” என்று இப்போதே சொல்லிவிடுங்கள். செமஸ்டர் கடைசியில் ஷார்ட்டேஜ் லிஸ்ட் ஒட்டியபிறகு போனால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.

இதை நான் அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நான் முப்பது வருடம் கல்லூரியில் பாடம் நடத்தியவள். மேலூர் பக்கத்திலிருந்து ஒரு மாணவன் வந்துகொண்டிருந்தான். பையன் நன்றாக வரைவான். இரண்டாம் வருடத்தில் வகுப்புக்கு வருவது குறைந்தது. இரண்டு தடவை ஸ்டாஃப் ரூம் வாசல்வரை வந்து நின்றான். நான் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தேன். “என்னப்பா?” என்றேன். “ஒண்ணுமில்ல மேடம்” என்று போய்விட்டான். ஷார்ட்டேஜ் லிஸ்டில் அவன் பெயர் வந்தபோது நான்தான் கையெழுத்துப் போட்டேன். அடுத்த வருடம் அவன் திரும்பி வரவில்லை. எங்கே போனான் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவன் ‘ஒண்ணுமில்ல’ என்று சொன்னபோது நான் பேனாவைக் கீழே வைத்திருக்க வேண்டும். ஆசிரியர்களில் என்னைப் போல் கண்ணிருந்தும் பார்க்காதவர்கள் நிறைய. அதற்காக நீங்கள் வாசலிலிருந்து திரும்பிவிடாதீர்கள். ஒருவர் சரியாகக் கேட்கவில்லை என்றால் இன்னொருவரிடம் போங்கள்.

அடுத்து இந்த 6.40 பஸ். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கஷ்டப்படுத்தியது அதுதான். ஒளிவதற்காக ஒன்றரை மணி நேரம் முன்னால் எழுந்து, தெரிந்த முகம் ஏறிவிடுமோ என்று ஒவ்வொரு ஸ்டாப்பிலும் பார்த்துக்கொண்டு போகிற பையனுக்கு வகுப்பில் உட்காரும்போது என்ன தெம்பு மிச்சம் இருக்கும்? ஆனாலும் நாளைக்கே கல்லூரிப் பஸ்ஸில் ஏறுங்கள் என்று சொல்லமாட்டேன். முதலில் பழைய செட்டில் ஒரே ஒருவனுக்கு, கபடிக்கு வருவானே என்று எழுதியிருந்தீர்களே, அவனுக்கு ஒரு மெசேஜ் போடுங்கள். ‘கொஞ்ச நாளா உடம்பும் மனசும் சரியில்லடா, சனிக்கிழமை டீ குடிக்க வர்றியா’. இவ்வளவுதான். நீங்கள் குரூப்பை விட்டு வெளியேறியதும் அவர்கள் உங்களை மறந்துவிட்டதாக நினைக்கிறீர்கள். இருபது வயதுப் பையன்களுக்கு இந்த மாதிரி நேரத்தில் என்ன பேசுவதென்று தெரியாது. பேசத் தெரியாமல் ஒதுங்கி நிற்பார்கள். அவன் வந்தால், அப்புறம் ஒரு நாள் அவனோடு சேர்ந்து கல்லூரிப் பஸ்ஸில் ஏறலாம்.

ஜூனியர்கள் ‘அண்ணா’ என்று கூப்பிடுவதை ஏன் குத்தலாக எடுத்துக்கொள்கிறீர்கள்? நம் பக்கம் ஒரு வயது மூத்தவனையும் அப்படித்தானே கூப்பிடுவோம்? பக்கத்தில் உட்காராதது மரியாதையும் கூச்சமும் கலந்தது. வகுப்பில் யாரோடும் பேச்சை ஆரம்பிப்பது கஷ்டம்தான். லேபில் அது சுலபம், ஏனென்றால் அங்கே இரண்டு பேர் சேர்ந்து ஒரு வேலையைச் செய்தாக வேண்டும். கையில் வேலை இருக்கும்போது வாய் தானாகத் திறக்கும். போன வருடம் எழுதிய ரெக்கார்டு நோட்டு உங்களிடம் இருக்கும். பக்கத்து டேபிள் பையனிடம் ‘இதைப் பாத்துக்க’ என்று கொடுங்கள். நட்பு வந்தாலும் வராவிட்டாலும் அன்றைக்கு நாலு வார்த்தை பேசியிருப்பீர்கள்.

பேசவே முடியாத நாட்களும் வரும். அந்த நாட்களில்கூட அறைக்குள் கிடக்காமல், பேச வேண்டிய கட்டாயம் இல்லாத, ஆனால் ஆட்கள் இருக்கிற இடத்துக்குப் போங்கள். புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகம் அதற்குத் தோதான இடம். அங்கே பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார்கள், யாரும் உங்களை எந்த வருடம் என்று கேட்கப்போவதில்லை. விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் அங்கே இருந்துவிட்டு வந்தால் போதும், படிக்காவிட்டாலும் பரவாயில்லை. தினமும் என்றால் உங்கள் ஊர்க் கண்மாய்க்கரை. தூங்கும் நேரத்தைக் கட்டுப்படுத்த முடியாது, எழும் நேரத்தை முடியும். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் ஆறு மணிக்கு எழுந்து வெயில் முகத்தில் படக் கரைமேல் நடங்கள். மனசு வந்தபிறகு நடக்கலாம் என்றால் இந்த நோயில் மனசு வராது. நடந்தபிறகுதான் கொஞ்சம் வரும். ராத்திரி போனைப் பக்கத்து அறையில் சார்ஜ் போடுங்கள். 14416-க்குக் கூப்பிட வேண்டும் என்றால் எழுந்துபோய் எடுத்துக்கொள்ளலாம்.

சித்திரைத் திருவிழாவுக்கு வருவோம். அம்மா சொன்ன பொய்யை வைத்து அவர்மேல் கோபப்படாதீர்கள், உங்களைப் பாதுகாக்கத்தான் சொன்னார். ஆனால் அதைக் காப்பாற்றும் பாரம் உங்கள்மேல் விழுந்திருக்கிறது. அம்மாவிடம் பேசி, இருவரும் ஒரே பதிலை வைத்துக்கொள்ளுங்கள். “நடுவுல ஒரு வருஷம் உடம்பு சரியில்லாமப் போச்சு அத்தை, இப்ப படிச்சிட்டு இருக்கேன்.” இது பொய் இல்லை, மனச்சோர்வும் உடம்புக்கு வருகிற நோய்தான். மேலே துருவினால் பதில் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. அந்தக் கூட்டமே வேண்டாம் என்று இந்த வருடம் தோன்றினால் அழகர் ஆற்றில் இறங்குவதை டிவியில் பாருங்கள். அடுத்த வருடமும் அவர் வருவார்.

அப்பாவுக்கும் ஒரு பத்தி எழுதுகிறேன், இந்தப் பக்கத்தை அவர் கண்ணில் படும்படி வையுங்கள். ஐயா, கடன் வாங்கிச் சேர்த்த படிப்பு நின்றதில் உங்கள் வயிறு எரிவது எனக்குப் புரிகிறது. ‘சோத்துக்கு என்ன குறை’ என்று நீங்கள் கேட்டதும் அதனால்தான். நீங்கள் எத்தனையோ வீட்டுக்குத் தளம் போட்டவர். போட்ட மறுநாளே சென்ட்ரிங்கைப் பிரிக்கச் சொன்னால் பிரிப்பீர்களா? தளம் இறுகும்வரை முட்டுக் கொடுத்து, தினமும் தண்ணீர் விடுவீர்கள். உங்கள் பையன் இப்போது அந்த நிலையில் இருக்கிறான். நீங்கள் அவனிடம் பெரிதாக எதுவும் பேச வேண்டாம். காலையில் “சாப்ட்டியா?” என்று கேளுங்கள். அந்த ஒரு வார்த்தைக்காக அவன் எட்டு மாதமாகக் காத்திருக்கிறான் என்று அவன் கடிதத்தில் எழுதியிருக்கிறான்.

தம்பி, மருத்துவர் முன்னால் உட்கார்ந்ததும் நாக்கு எழாது, ‘ஒண்ணுமில்ல சார்’ என்று வந்துவிடுவேன் என்று பயப்படுகிறீர்கள். எனக்கு எழுதிய நான்கு பக்கத்தையும் அப்படியே அவரிடம் நீட்டுங்கள். அவர் கேட்க வேண்டியதெல்லாம் அதில் இருக்கிறது. மூலத்தை நகல் எடுத்துக்கொண்டு, உங்கள் கையெழுத்திலேயே உள்ள தாள்களைத் தனிப் பதிலோடு சேர்த்து உங்களுக்குத் திருப்பி அனுப்பிவிட்டேன். திங்கட்கிழமை கிளம்பும்போது சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். போய்வந்ததும் ஒரு தபால் கார்டு போடுங்கள், காத்திருப்பேன்.