கேட்டால் பகை, கேட்காவிட்டால் நஷ்டம்

கேள்வி: எங்கள் ஊரில் சிறிய மளிகைக் கடை வைத்திருக்கிறேன். பணம் அனுப்பிவிட்டதாகச் செல்போன் திரையைக் காட்டிவிட்டுப் போகிறவர்களில் சிலருடைய பணம் கணக்குக்கு வருவதில்லை. நூறு ரூபாயைக் கொடுத்துவிட்டு ஐந்நூறு கொடுத்ததாகச் சாதிக்கிறவர்களும் உண்டு. மாதாமாதம் சாமான் வாங்கும் ஓர் அம்மா பில் போடாமல் சோப்பைப் பைக்குள் போட்டது கேமராவில் பதிவாகியிருக்கிறது. அந்தப் படத்தைத் தெரு வாட்ஸ்அப் குழுவில் போட வேண்டும் என்கிறான் என் மகன். என்ன செய்வது?
– ஒரு வாசகர், திருமங்கலம்

பதில்: முதலில் உங்கள் மகனின் கையைப் பிடித்து நிறுத்துங்கள். ஒருவரைத் திருடி என்று நான்கு பேர் அறியச் சொல்லிவிட்டால், பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்திருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி உங்கள்மீதே அவதூறு வழக்குத் தொடுக்க வழி பிறக்கிறது. ஷட்டரை இறக்கி ஆளை உட்கார வைத்தால், சட்ட விரோதமாக அடைத்து வைத்த குற்றம் உங்கள் தலையில் விழும். அதே சட்டம், 5,000 ரூபாய்க்கும் குறைந்த திருட்டில் முதல் முறையாகத் தண்டனை பெறுபவர் பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பித் தந்துவிட்டால் சமூக சேவையைத்தான் தண்டனையாக விதிக்கிறது. ஒரு சோப்புக்காக அதைவிடக் கடுமையான தண்டனையை நீங்கள் தெருவில் வைத்து வழங்க வேண்டியதில்லை.

அந்த அம்மா அடுத்த முறை வரும்போது பக்கத்தில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து, "போன தடவை ஒரு சோப்பு பில்லில் விட்டுப்போச்சும்மா, இதோட சேர்த்துப் போட்டுடறேன்" என்று சாதாரணமாகச் சொல்லிப் பாருங்கள். பெரும்பாலும் மறுபேச்சின்றிப் பணம் வந்துவிடும். கேமரா இருப்பதும் அவருக்குப் புரிந்துவிடும். மறுத்தால் வாதாட வேண்டாம், சோப்பு அடுக்கைக் கல்லாவுக்குப் பின்னால் மாற்றிவிடுங்கள். மறுபடியும் நடந்தால் தனியாக அழைத்து, இனி இங்கே வாங்க வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடலாம். ஒரு குடும்பத்தின் மாதச் சாமானை இழப்பது வருத்தம்தான், ஆனால் அதற்குமேல் பொறுத்துப் போவதைப் பெருந்தன்மை என்று நான் சொல்ல மாட்டேன்.

செல்போன் பணத்தில் தாட்சண்யமே தேவையில்லை. பணம் போனதுபோலவே திரையையும் ஓசையையும் காட்டும் போலிச் செயலிகள் புழங்குகின்றன. ஆகவே வாடிக்கையாளரின் திரை எதற்கும் சாட்சியாகாது. உங்கள் ஒலிப்பெட்டி தொகையைச் சொல்ல வேண்டும், அல்லது உங்கள் செயலியிலோ வங்கிக் கணக்கிலோ வரவு தெரிய வேண்டும். "பெட்டி சொல்லட்டும், அப்புறம் எடுத்துக்குங்க" என்பதை மைத்துனர் வந்தாலும் மாற்றாமல் சொல்லுங்கள். எல்லாரிடமும் சொல்வதால் யாரும் தன்னைச் சந்தேகப்படுவதாக எண்ண மாட்டார். நெட்வொர்க் சரியில்லாத நாளில் தெரிந்தவர் என்றால் பரிவர்த்தனை எண்ணைக் குறித்துக்கொண்டு அனுப்புங்கள், மாலையில் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

நோட்டுத் தகராறுக்குப் பழைய கடைக்காரர்களின் பழக்கமே போதும். வாங்கிய நோட்டை உடனே கல்லாவுக்குள் போடாமல், "நூறு" என்று வாய்விட்டுச் சொல்லி, மேசைமேல் இருவர் கண்ணுக்கும் தெரியும்படி ஒரு படிக்கல்லின் அடியில் வையுங்கள். மீதியை எண்ணிக் கொடுத்து, அவர் வாங்கிப் பையில் வைத்த பிறகுதான் அது உள்ளே போக வேண்டும். அப்படியும் ஒருவர் சாதித்தால், கடை அடைத்துக் கணக்குப் பார்த்ததும் கல்லாவில் அதிகமிருந்தால் தருவதாகச் சொல்லி, அதன்படியே செய்யுங்கள். உண்மையிலேயே மறதியால் கேட்டவரும் இருப்பார் என்பதை மறந்துவிடக் கூடாது.

கடனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் மளிகைக் கடையில் பெருந்தொகை போவது அந்த வழியில்தான். தவணை பேசாமல் கொடுத்த சரக்கின் விலைக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்க வேண்டும் என்கிறது 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம். அந்தக் கெடு முடியும் முன்பே பாக்கியை ஒப்புக்கொண்டு கடன் வாங்கியவர் கையெழுத்திட்டால், அந்த நாளிலிருந்து மீண்டும் மூன்று ஆண்டுகள் கிடைக்கும். ஆகவே உங்கள் கையால் எழுதிய கடன் நோட்டில் மாதம் ஒருமுறை அவருடைய கையெழுத்தும் இருக்கட்டும்.

கேள்வி: பண்டிகைக்குச் சுடிதார் வாங்கிப்போய் உடுத்திவிட்டு, மறுநாள் "அளவு சரியில்லை" என்று திருப்பித் தருகிறார்கள். திரும்பப் பெற மாட்டோம் என்று பலகை வைத்துவிடலாமா?
– துணிக்கடை நடத்தும் வாசகி, உடுமலைப்பேட்டை

பதில்: பலகை ஓரளவுக்குத்தான் காக்கும். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு எதுவும் குறிக்காவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வணிகம். பில் கொடுக்காமலிருப்பதும் அப்படியே. தையல் பிரிந்த துணியை வாங்கித்தான் ஆக வேண்டும். குறையில்லாத துணிக்கு விதி வகுப்பது உங்கள் உரிமை: லேபிளை முன்கழுத்தில், அறுக்காமல் உடுத்த முடியாதபடி பிளாஸ்டிக் இழையால் மாட்டுங்கள், "லேபிள் அறுபடாமல் மூன்று நாட்களுக்குள் மாற்றித் தரப்படும்" என்று பில்லில் அச்சிடுங்கள், பில் போடும்போதே அந்த வரியை விரலால் காட்டிச் சொல்லிவிடுங்கள்.