ஏற்காட்டில் பட்டன் போனுக்கு எந்த பிளான்?

சகோ, உங்கள் ஊரில் ஒரே கம்பெனி டவர்தான் எடுக்கிறது, அம்மாவின் பட்டன் போனுக்கு டேட்டாவோடு ரீசார்ஜ் போட்டுக் காசு கரைகிறது என்கிறீர்கள். 2016-ல் ஜியோ வந்ததும் விலை சரிந்தது, அப்புறம் பெரிய தனியார் கம்பெனிகள் மூன்றாகச் சுருங்கி, 2024 ஜூலையில் மூன்றுமே அடுத்தடுத்து ஏற்றிவிட்டன. கீழே சேலம் அஸ்தம்பட்டியில் இருப்பவன் நம்பர் மாறாமல் வேறு கம்பெனிக்கு போர்ட் பண்ணிக்கொள்வான், மலைமேல் அந்தப் பேரமே கிடையாது. ஆனால் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவால் 2025 ஜனவரியிலிருந்து கால், எஸ்எம்எஸ் மட்டும் உள்ள பிளான் இருக்கிறது. கடைக்காரர் தானாகச் சொல்லமாட்டார், கேட்டு வாங்குங்கள். 28 நாள் பிளான் வேண்டாம், வருஷத்துக்கு 13 தடவை வரும் (நானும் ஏமாந்தவன்தான்). போர்ட் பண்ணுவதென்றால் முதலில் யாரிடமாவது மாறப்போகும் கம்பெனியின் சிம்மை வாங்கி, அம்மா உட்காரும் திண்ணையில் வைத்துப் பாருங்கள். பழைய பட்டன் போன் நம்பியிருக்கும் 2ஜி நெட்வொர்க் ஜியோவில் இல்லை, போன் ஊமையாகிவிடும். மாறினால் 90 நாள் திரும்பவும் முடியாது.