தலை எண்ணிப் பார்த்தால் தீவு ஒன்றாகுமா? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அம்மா,

பெல்ஃபாஸ்டில் சில ஆண்டுகளாக மென்பொருள் வேலையில் இருக்கிறேன். அயர்லாந்துக் குடியரசின் வடமேற்கு மாவட்டமான டொனிகால் பயணம் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரைகளைப் படித்திருக்கிறேன். பிரிட்டனின் ஆட்சியில் இருக்கும் வட அயர்லாந்தில், தெற்கே உள்ள அயர்லாந்துக் குடியரசோடு இணைய விரும்புகிறவர்கள் கத்தோலிக்கர்கள், பிரிட்டனோடு இருக்க விரும்புகிறவர்கள் புராட்டஸ்டண்டுகள் என்பார்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கத்தோலிக்கர்கள் புராட்டஸ்டண்டுகளை முந்திவிட்டார்கள். பிரெக்ஸிட்டால் வந்த கசப்பு வேறு. 2024இலிருந்து இணைப்பை விரும்பும் சின் ஃபெய்ன் கட்சியின் மிஷெல் ஓ'நீல் முதலமைச்சர். எனவே வடக்கும் தெற்கும் இணைவது உறுதி, 2030ஐத் தாண்டாது என்று என் அலுவலகத்தில் பேசிக்கொள்கிறார்கள். ஜெர்மனி ஒன்றானதைப் போல இதுவும் ஒரே மூச்சில் நடந்துவிடுமா? எப்போது நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?

பி.கு.: வி.வி. கிரி டப்ளினில் படித்தவராமே, அதைப் பற்றியும் எழுதலாமே.

செந்தில்

அன்புள்ள செந்தில்,

சென்ற வாரம் முழுக்க இதைப் பற்றித்தான் என் அக்கா மகளோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. அவள் கதை பிறகு. சில்லறைகளை முதலில் தீர்த்துவிடுகிறேன்.

ஜெர்மனியை விட்டுவிடுங்கள். அங்கே ஓர் அரசு நொறுங்கி விழுந்தது, பக்கத்து அரசு வாரி எடுத்துக்கொண்டது. வட அயர்லாந்தில் எதுவும் நொறுங்கவில்லை. கிரி 1913இல் சட்டம் படிக்க டப்ளின் போனதும், பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான 1916 எழுச்சிக்குப் பிறகு அங்கிருந்து கிளம்ப நேர்ந்ததும் உண்மைதான். நல்ல கதை, ஆனால் இன்றைய வாக்குப் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 2030 என்ற ஆரூடத்தை உங்கள் அலுவலகத்து நண்பர்களே வைத்துக்கொள்ளட்டும்.

எனக்குக் கோபம் வந்த இடம் வேறு. கத்தோலிக்கர் முந்திவிட்டார்கள், எனவே இணைப்பு உறுதி என்கிறீர்கள். நம் ஊரில் தேர்தல் வந்தால் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து சாதிவாரியாகத் தலை எண்ணுவார்களே, அந்தக் கணக்கை அப்படியே பெல்ஃபாஸ்டுக்கு எடுத்துப் போயிருக்கிறீர்கள். படித்த பிள்ளை செய்கிற காரியமா இது?

அதே கணக்கெடுப்பை முழுதாகப் படியுங்கள். கத்தோலிக்கர் 45.7 சதவீதம், புராட்டஸ்டண்ட் உள்ளிட்ட பிற கிறித்தவர் 43.5 சதவீதம். இதில் இன்று கோயிலுக்குப் போகிறவர்கள் மட்டும் இல்லை. அந்த மதத்துக் குடும்பத்தில் வளர்ந்தவர்களையும் சேர்த்துத்தான் இந்த எண். எனக்கு மதம் இல்லை என்று எழுதியவர்கள் மட்டும் 17 சதவீதத்துக்கு மேல். அடுத்த கேள்விக்கு வாருங்கள்: நீ யார்? பிரிட்டிஷ் மட்டும் என்றவர்கள் 31.9, ஐரிஷ் மட்டும் என்றவர்கள் 29.1, வட அயர்லாந்துக்காரன் மட்டும் என்றவர்கள் 19.8. கத்தோலிக்கர் 45.7 ஆக இருக்கும் இடத்தில் ஐரிஷ் மட்டும் என்பவர் 29.1 என்றால், மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்திருக்க வேண்டாமா?

போதாதென்றால் தேர்தல் முடிவுகளைப் பாருங்கள். 1998 சட்டமன்றத் தேர்தலில் இணைப்பை விரும்பும் கட்சிகள் சேர்ந்து வாங்கியது சுமார் 40 சதவீதம். 2022இல், சின் ஃபெய்ன் முதலிடத்துக்கு வந்து உலகப் பத்திரிகைகளெல்லாம் தலைப்புச் செய்தி போட்ட அந்தத் தேர்தலில், அதே கட்சிகள் வாங்கியதும் சுமார் 40 சதவீதம்தான். இடையில் கால் நூற்றாண்டு. எத்தனையோ கத்தோலிக்கக் குழந்தைகள் பிறந்து, வளர்ந்து, வாக்காளர் ஆகிவிட்டார்கள். எண் நகரவில்லை. சின் ஃபெய்ன் வளர்ந்தது பெரும்பாலும் இணைப்பை விரும்பும் இன்னொரு கட்சியான எஸ்.டி.எல்.பி.யின் வாக்கைத் தின்றுதான். உண்மையில் சரிந்தது பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்கிற ஒன்றியவாதிகளின் வாக்கு. அங்கிருந்து கழன்றவர்கள் எதிர் முகாமுக்குப் போகவில்லை. இரண்டிலும் சேராத அலையன்ஸ் கட்சியைப் பாருங்கள்: 1998இல் 6.5 சதவீதம், 2022இல் 13.5 சதவீதம். முடிவு அவர்கள் கையில் இருக்கிறது. அவர்களைத் தொட்டிலில் எண்ண முடியாது.

மதத்தை வைத்து அரசியலைச் சொல்லிவிடலாம் என்பது வரலாற்றுக்கும் பொருந்தாது. அயர்லாந்தின் முதல் குடியரசுவாத இயக்கமான ஐக்கிய அயர்லாந்தியர் சங்கம் 1791இல் பிறந்தது நீங்கள் இருக்கும் அதே பெல்ஃபாஸ்டில். அதைத் தொடங்கியவர்களில் பெரும்பாலோர் பிரஸ்பிடேரியன்கள், அதாவது புராட்டஸ்டண்டுகள். சென்னை அடையாறில் வாழ்ந்த கவிஞர் ஜேம்ஸ் கசின்ஸ் பெல்ஃபாஸ்டில் புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்தவர். டப்ளின் போய் ஐரிஷ் இலக்கிய மறுமலர்ச்சிக்காரர்களோடு சேர்ந்துகொண்டார். அவருடைய மனைவி மார்கரெட்தான் 1917இல் அடையாறில் இந்திய மாதர் சங்கம் தொடங்கியவர்களில் ஒருவர். கிரியை விட்டு இவர்களைப் பற்றிக் கேட்டிருந்தால் சந்தோஷமாகப் பத்துப் பக்கம் எழுதியிருப்பேன்.

இப்போது என் அக்கா மகள். டொனிகாலில், லெட்டர்கென்னியில், மருத்துவமனைச் செவிலியர். அவளைப் பார்க்கப் போயிருந்தபோது எல்லைக்கு அந்தப் பக்கம், வட அயர்லாந்தில் இருக்கும் டெரி நகரத்தின் கோட்டை மதிலைப் பார்க்க ஆசைப்பட்டேன். பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். "நீங்க போயிட்டு வாங்க சித்தி, நான் வர முடியாது" என்றாள். வேலை இருக்கிறது போலும் என்று நினைத்தேன். விஷயம் அதுவல்ல. சுற்றுலாவுக்கு வந்த என் ஐரிஷ் விசாவில் இரு நாட்டுக்கும் செல்லும் என்ற முத்திரை இருந்தது. 2015இலிருந்து இந்தியர்களுக்கு அப்படி ஓர் ஏற்பாடு உண்டு. ஆண்டுக்கணக்கில் அங்கே வேலை செய்து வரி கட்டும் அவளுடைய குடியிருப்பு அட்டைக்கு அந்தச் சலுகை இல்லை. பக்கத்து ஊருக்குப் போக அவள் தனியாக பிரிட்டிஷ் விசா வாங்க வேண்டும். யாரும் சோதிப்பதில்லை, சும்மா போய் வா என்று தோழிகள் சொல்வார்களாம். குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கும் நேரத்தில் அந்த விளையாட்டு வேண்டாம் என்று இவள் இருந்துவிட்டாள். பஸ் நிலையத்தில் எனக்கு ஒரு பொட்டலம் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் கட்டிக் கொடுத்துவிட்டு, பஸ் கிளம்பும்வரை கைகட்டி நின்றாள்.

பிரிட்ஜெண்ட் என்ற ஊரைத் தாண்டியதும், பிரிட்டனுக்கு வரவேற்கிறோம் என்று கைப்பேசியில் ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவ்வளவுதான் எல்லை. வேலி இல்லை, சிப்பாய் இல்லை. ஒரு காலத்தில் பிரிட்டிஷ் ராணுவம் இந்த எல்லைச் சாலைகளைக் குண்டு வைத்துப் பிளந்து, சிமென்ட் கட்டைகளைப் போட்டு மூடியிருந்தது. டெரியின் மதில் மேல் நின்று ஒரு பக்கம் பார்த்தால் கத்தோலிக்கர்கள் வாழும் போக்சைட், சுவரெல்லாம் ஓவியம். இன்னொரு பக்கம் ஃபவுண்டன் என்ற சிறு புராட்டஸ்டண்ட் குடியிருப்பு. அங்கே நடைபாதை விளிம்புக் கற்களுக்குக்கூட பிரிட்டிஷ் கொடியின் சிவப்பு, வெள்ளை, நீலம் அடித்திருந்தார்கள்; சில கற்களில் வண்ணம் உரிந்து அடியில் பழைய பூச்சு தெரிந்தது. வருடா வருடம் யாரோ குந்தி உட்கார்ந்து அடிக்கிறார்கள். அந்த மனிதருக்கு நீங்கள் 45.7 சதவீதத்தைக் காட்டப் போகிறீர்களா?

சாயங்காலம் திரும்பி வந்ததும் அவள் முதலில் கேட்டது மதிலைப் பற்றி இல்லை. "ஆல்ட்னகெல்வின் ஆஸ்பத்திரியைப் பார்த்தீங்களா?" என்றாள். டெரியில் உள்ள அந்த மருத்துவமனையில் 2016இல் கதிர்வீச்சுச் சிகிச்சை மையம் திறந்தது. தெற்கை ஆளும் டப்ளின் அரசும் பணம் போட்டது. டொனிகால் புற்றுநோயாளிகள் முன்பு டப்ளினுக்கும் கால்வேக்கும் மணிக்கணக்கில் பயணம் செய்தார்கள், இப்போது எல்லை தாண்டி அங்கே போகிறார்கள். வடக்கில் இதயக் கோளாறோடு பிறக்கும் குழந்தைகள் அறுவைச் சிகிச்சைக்கு டப்ளின் போகிறார்கள். தன் நோயாளிகள் போகும் இடத்தை இவள் கண்ணால் பார்த்ததில்லை.

இணைப்பைப் பற்றி யார் பேசினாலும் நான் ஆஸ்பத்திரியைக் கேட்பது இதனால்தான். வடக்கில் மருத்துவரைப் பார்க்கக் கட்டணம் இல்லை. 2010இலிருந்து மருந்துச்சீட்டுக்கும் கட்டணம் இல்லை. தெற்கில் அரசு தரும் இலவச மருத்துவ அட்டை எதுவும் இல்லாதவர் குடும்ப மருத்துவரை ஒரு முறை பார்க்கவே 50, 60 யூரோ எடுத்து வைக்க வேண்டும். வடக்கின் காத்திருப்போர் பட்டியல் பிரிட்டனிலேயே மோசமானது என்பதும் உண்மை, அதனால் இலவசம் என்பதன் மதிப்பு ஆண்டுக்கு ஆண்டு தேய்கிறது. அலையன்ஸுக்கு வாக்களிக்கும் ஒரு பெண், மூட்டு வலியோடு இருக்கும் தன் அம்மாவை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் கை நீட்டுவாள்? இணைந்த அயர்லாந்தில் ஆஸ்பத்திரி எப்படி இருக்கும் என்று டப்ளின் இதுவரை அவளுக்கு எழுதிக் கொடுக்கவில்லை. 2020இல் பகிர்ந்த தீவு என்று ஒரு பிரிவு தொடங்கினார்கள். பாலம், ரயில், ஆராய்ச்சி என்று நல்ல வேலைகள் நடக்கின்றன. ஆனால் வாக்கெடுப்புக்கான திட்டம் என்றால் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுகிறார்கள். லண்டன் வடக்குக்கு ஆண்டுதோறும் பல நூறு கோடி பவுண்டு கொடுக்கிறது. அந்தச் செலவைத் தெற்கு ஏற்றால் ஆண்டுக்கு 800 கோடி முதல் 2,000 கோடி யூரோ வரை ஆகும் என்று 2024இல் இரு பொருளாதார வல்லுநர்கள் கணக்குச் சொன்னார்கள். அவ்வளவெல்லாம் ஆகாது என்று இன்னொரு சாரார். கணக்கு எதுவானாலும் தெற்கத்தியர்களுக்கு இணைப்பின் மேல் இருக்கும் காதல் வரி உயரும், கொடி மாறும் என்றதும் வெளிறிவிடுகிறது. பாடலில் தீவு ஒன்றுதான், பட்ஜெட்டில் இரண்டு.

சட்டப்படி எப்படி என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், வடக்கின் நீண்ட வன்முறைக்கு முடிவு கட்டிய 1998 பெரிய வெள்ளி ஒப்பந்தத்தையும் அதே ஆண்டுச் சட்டத்தையும் படியுங்கள். பெரும்பான்மை இணைப்புக்கு வாக்களிக்கக்கூடும் என்று லண்டனின் வட அயர்லாந்து அமைச்சருக்குத் தோன்றினால் அவர் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும். எதை வைத்து அவருக்குத் தோன்றும் என்று சட்டம் சொல்லவில்லை. தோற்றால் ஏழு ஆண்டுகளுக்கு மறு வாக்கெடுப்பு இல்லை. தெற்கும் தனியே சம்மதிக்க வேண்டும். 1973இல் ஒருமுறை வாக்கெடுப்பு நடந்தது. இணைப்பை விரும்பும் தேசியவாதிகள் புறக்கணித்ததால் பிரிட்டனோடு இருக்க 98.9 சதவீதம் விழுந்தது, அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 50 சதவீதத்துக்கு மேல் ஒரு வாக்கு போதுமா என்று மறைந்த சீமஸ் மாலன் கடைசிக் காலத்தில் கவலைப்பட்டார். அவர் தேசியவாதி, ஒப்பந்தத்தைக் கட்டியவர்களில் ஒருவர். ஒன்றியவாதிகளிலும் கணிசமானவர்கள் இசைய வேண்டும் என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒருவரின் வாக்கு இன்னொருவரின் வாக்கைவிடக் கனமாகிவிடும். ஆனால் தோற்கப்போகிறவர் எதை இழக்கிறார், எது அவரிடமே இருக்கும் என்பது வாக்கெடுப்புக்கு முன்பே தாளில் இருக்க வேண்டும். பிரெக்ஸிட்டில் தாள் இல்லாமல் வாக்களித்துவிட்டுப் பட்ட பாட்டைப் பெல்ஃபாஸ்டில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் உங்களைக் கேட்க வேண்டும். 2024 ஆகஸ்டில் பெல்ஃபாஸ்டில் குடியேறிகளுக்கு எதிராக ஊர்வலம் போனார்களே, அதில் ஐரிஷ் மூவர்ணக் கொடியும் பிரிட்டனின் யூனியன் ஜாக்கும் பக்கத்துப் பக்கத்தில் பறந்தன. நம்மைப் போன்றவர்களின் கடைகள் அன்று எரிந்தன. அந்தச் சமயத்தில் பத்திரமாக இருந்தீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை, அலுவலகப் பேச்சு மட்டும் இருக்கிறது.

இன்னொன்று. வாக்கெடுப்பில் யார் வாக்களிக்கலாம் என்பதை அதற்கான ஆணைதான் சொல்ல வேண்டும். வழக்கமான நாடாளுமன்றத் தேர்தல் பட்டியலையே எடுத்துக்கொண்டால், பிரிட்டனில் முறைப்படி குடியிருக்கும் காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் இந்திய பாஸ்போர்ட்டோடு நீங்களும் வாக்களிக்கலாம். குடியுரிமை வரும்வரை லெட்டர்கென்னியில் என் அக்கா மகளுக்கு அந்த உரிமை இல்லை. தெற்கின் பொதுவாக்கெடுப்பு குடிமக்களுக்கு மட்டும். இதை அவளிடம் சொன்னபோது, "அந்த செந்தில் பேரைப் பதிஞ்சிருக்காரான்னு கேளுங்க சித்தி" என்றாள். பிரிட்டிஷ் அரசின் gov.uk இணையதளத்தில் கால் மணி நேர வேலை. தேசியக் காப்பீட்டு எண்ணைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பதிந்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அவளிடம் சொல்கிறேன்.

அன்புடன்