சேமித்த ஆட்டம் ஏன் அழிகிறது?

கேள்வி: 1999இல் ஜப்பானில் வெளிவந்த போக்கிமான் கோல்டு வீடியோ கேமின் பழைய கார்ட்ரிட்ஜ் (ஆட்டம் பதிந்த சிறு பெட்டி) ஒன்றை அண்மையில் வாங்கினேன். ஆட்டம் ஓடுகிறது, கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியை அணைத்ததும் சேமித்ததெல்லாம் அழிந்துவிடுகிறது. நாற்பது வயதில் இதற்கு வருந்தலாமா என்கிறார்கள் வீட்டில். சரிசெய்ய முடியுமா?
– வாசகர், குடியாத்தம்

பதில்: முடியும், உங்கள் வருத்தமும் நியாயமானதே. சேமிப்பைத் தாங்கும் நினைவகச் சில்லுக்கு மின்சாரம் தருவது உள்ளே பற்றவைக்கப்பட்டிருக்கும் சிஆர்2025 பட்டன் பேட்டரிதான் என்பதாலும், இரவு பகலைக் கணக்கிடும் கடிகாரமும் அதையே நம்பி ஓடுவதாலும், முந்தைய போக்கிமான் ஆட்டங்களைவிட இதில் அது விரைவில் தீர்ந்துவிடுகிறது. வேலூரில் செல்போன் பழுதுபார்க்கும் கைதேர்ந்தவர் ஒருவரிடம் கொடுத்து, இருபுறமும் உலோகப் பட்டை ஒட்டிய பேட்டரியையே பொருத்தச் சொல்லுங்கள்; வெறும் பேட்டரியின்மேல் நேரடியாகப் பற்றவைத்தால் சூட்டில் அது வெடிக்கவும் கூடும்.